மூழ்கின கப்பலைப் புதையல்னு எழுதாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

செப்டம்பர் 22 வந்தாலே எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையில குண்டு போட்ட கதை பேப்பர்ல வரும், இந்த வருஷம் உங்க ஞாயிறு இணைப்புலயும் வந்துச்சு. நல்லாவே எழுதியிருந்தாங்க. 1914ல ராத்திரி நேரத்துல வந்து துறைமுகத்துகிட்ட பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் கொளுத்திட்டுப் போனது, ஹைகோர்ட் சுவர்ல அதுக்குக் கல்வெட்டு இருக்கறது எல்லாமே சரிதான். ஆனா கடைசிப் பத்தியில ரெண்டு வரி இருந்துச்சு பாருங்க, அந்தக் காலத்து ஜெர்மன் போர்க்கப்பல்கள் இன்னும் ஸ்காட்லாந்துல கடலுக்கு அடியில கிடக்குது, டைவிங் போறவங்க அங்க புதையல் தேடறாங்கன்னு. அதைப் படிச்சிட்டு சும்மா இருக்க முடியல, அதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டிப் போட்டாலும் பரவாயில்ல ஆனா புதையல் விஷயத்தை மட்டும் வெட்டாம போடுங்க.

எனக்கு ஊர் தூத்துக்குடி பக்கம், இப்ப வேலை அபர்டீன்ல. இங்க வந்துதான் ஸ்கூபா கத்துக்கிட்டேன், பல வருஷமா கோடைக்காலம் வந்தா ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்கற ஆர்க்னி தீவுகளுக்குப் போயி, அந்தத் தீவுகளுக்கு நடுவுல இருக்கற ஸ்காபா ஃப்ளோங்கற வளைகுடாவுல முங்கறேன். நீங்க எழுதின அந்தக் கப்பல்கள் கிடக்கற இடம் அதுதான். அங்க புதையல்னு ஒண்ணும் கிடையாது. அங்க கிடக்கற ஏழு ஜெர்மன் கப்பல்ல இருந்தும் ஒரு ஆணியைக் கூட யாரும் எடுக்கக் கூடாது, 2001ல இருந்து அதெல்லாம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். கோயில் கல்வெட்டை யாராவது உடைச்சு எடுத்துட்டுப் போனா நாம எப்படிப் பதறுவோமோ அப்படித்தான் இங்க இருக்கற டைவர்ங்க இதைப் பாக்கறாங்க.

முதல்ல எம்டன் விஷயத்துக்கே வரேன், ஏன்னா உங்க கட்டுரையில விட்டுப்போனது ஒண்ணு இருக்கு. சென்னைக்கு வந்த எம்டன், கேப்டன் முல்லரோட கப்பல், அது 1914 நவம்பர் 9ம் தேதியே கொகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல்கிட்ட அடி வாங்கி முடிஞ்சுபோச்சு. ஆனா ஜெர்மன்காரங்க அந்தப் பேரை விடல, புதுசா கட்டின இன்னொரு க்ரூஸருக்கும் (வேகமாப் போற நடுத்தரப் போர்க்கப்பல்) எம்டன்னே பேர் வச்சாங்க. 1918 நவம்பர்ல முதல் உலகப் போர்ச் சண்டை நின்னதும் ஜெர்மன் கடற்படையோட முக்கியமான கப்பல்களை பிரிட்டிஷ்காரங்க ஸ்காபா ஃப்ளோவுக்குக் கொண்டு போயி நிறுத்துனாங்க, மொத்தம் 74 கப்பல், அதுல இந்த ரெண்டாவது எம்டனும் உண்டு. அங்க இருந்த ஜெர்மன் அட்மிரல் லுட்விக் ஃபான் ராய்ட்டர் முதல்ல ஃப்ரெட்ரிக் டெர் க்ரோஸெங்கற பெரிய கப்பல்லதான் இருந்தாரு, அதுல மாலுமிங்க புரட்சி பேசிக்கிட்டு ராத்திரி அவரோட அறைக்கு மேல தளத்துல நடந்து நடந்து தூங்கவே விடல, கடைசியில 1919 மார்ச்ல அவர் எம்டனுக்கு மாறிட்டாரு. ஜூன் 21ம் தேதி எல்லாக் கப்பலையும் நாமளே மூழ்கடிச்சிடணும்னு உத்தரவு போனது அந்த எம்டன்ல இருந்துதான். சென்னைக்கும் ஸ்காபா ஃப்ளோவுக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்குன்னு நம்ம ஊர்ல நிறைய பேருக்குத் தெரியாது, அதை எழுதியிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

அந்த நாள் கதை கேட்டா இன்னைக்கும் மனசு என்னமோ பண்ணும். ஏழு மாசமா அந்த மாலுமிங்களைக் கரையில கால் வைக்கவே விடல, சாப்பாடு ஜெர்மனியில இருந்து வந்தாத்தான் உண்டு, சமாதானப் பேச்சு இழுத்துக்கிட்டே போகுது, கப்பலையெல்லாம் ஜெயிச்சவங்க பங்கு போட்டுக்குவாங்களோன்னு ராய்ட்டருக்கு பயம். அன்னைக்குக் காலையில காவலுக்கு நின்ன பிரிட்டிஷ் கப்பல்கள் பயிற்சிக்குன்னு வெளிக்கடலுக்குப் போயிட்டாங்க. அந்த நேரம் பாத்து உத்தரவு வந்துச்சு, அடித்தட்டுல இருந்த வால்வுகளைத் திறந்து விட்டாங்க, மத்தியானம் 12 மணி தாண்டினதும் முதல் கப்பல் போச்சு, சாயங்காலம் 5 மணிக்குள்ள 52 கப்பல் தண்ணிக்குள்ள. ஆர்க்னியில இருக்கற ஸ்ட்ரோம்னஸ் ஊர் பள்ளிக்கூடப் பசங்களை அன்னைக்குன்னு பாத்து ஒரு சின்னக் கப்பல்ல ஜெர்மன் கப்பல்களைக் காட்டறதுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க, அந்தப் பிள்ளைங்க கண்ணு முன்னாடியே நடந்துச்சு எல்லாம். பதறிப்போன பிரிட்டிஷ் ஆளுங்க சுட்டதுல 9 ஜெர்மன்காரங்க செத்தாங்க, மார்க்ராஃப் கப்பல் கேப்டன் வால்டர் ஷூமனும் அதுல ஒருத்தர். சண்டை நின்னு ஏழு மாசம் ஆச்சு, சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி, அந்த நேரத்துல போன உயிருங்க அதெல்லாம். அவங்க கல்லறை, பக்கத்துலயே இருக்கற ஹோய் தீவுல லைனஸ்ங்கற இடத்துல இருக்கு. எம்டன் மட்டும் அன்னைக்கு மூழ்கல, பிரிட்டிஷ்காரங்க இழுத்துட்டுப் போயி கரை தட்ட வச்சுட்டாங்க, பின்னாடி அது பிரான்சுக்குப் போயி உடைக்கப்பட்டுச்சு.

இப்ப டைவிங்க்கு வரேன். நம்ம பக்கம் கடல்னா இளம் சூடு, மன்னார் வளைகுடாவுல சங்கு குளிக்கறவங்க வெறும் உடம்போட இறங்குவாங்க. இங்க கோடையிலயே தண்ணி 10ல இருந்து 13 டிகிரிதான், வசந்த காலத்துல 7, 8 தான் இருக்கும். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுத்துடும், அதனால சாதாரண வெட்சூட் இங்க சரிப்படாது, ட்ரைசூட் வேணும். கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ரப்பர் சீல் இறுக்கமா பிடிச்சிருக்கும், தண்ணி உள்ள வராது, உள்ளுக்குள்ள கனமான தெர்மல் உடுப்பு. கீழ இறங்க இறங்க அழுத்தம் சூட்டை உடம்போட சேத்து நசுக்கும், அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமா காத்து விடணும், மேல வரும்போது அதே காத்து பெருகும், தோள்பட்டை வால்வு வழியா விட்டுக்கிட்டே வரணும். காத்து காலுக்குப் போயிடுச்சுன்னா தலைகீழா மேல தூக்கிட்டுப் போயிடும், அது உயிருக்கே ஆபத்து. அதான் சூடான கடல்ல நல்லா டைவ் பண்ணத் தெரிஞ்சவங்க கூட இதைத் தனியாக் கத்துக்காம வரக் கூடாது.

குளிருக்கு இன்னும் சில குணம் இருக்கு. சிலிண்டர்ல இருந்து காத்து விரியும்போது அதுவே குளிரும், அதோட தண்ணியும் சில்லுன்னு இருந்தா சிலிண்டர் காத்தை வாய்க்குக் கொண்டு வர்ற ரெகுலேட்டருக்குள்ள ஐஸ் பிடிச்சு காத்து நிக்காம கொட்ட ஆரம்பிச்சிடும், அதனால குளிர் தண்ணிக்குன்னு செஞ்ச ரெகுலேட்டர்தான் வேணும். விரல் விறைச்சுப்போச்சுன்னா ஒரு சின்ன க்ளிப்பைக் கூடக் கழட்ட முடியாது. எல்லாத்தையும் விட முக்கியமானது, டைவ் முடியற நேரத்துல உடம்பு குளிர்ந்து கிடந்தா கை காலுக்கு ரத்தம் கம்மியாப் போகும், உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளிய வர்றது மெதுவாகும், அது ரத்தத்துல குமிழா மாறி வர்ற டீகம்ப்ரெஷன் நோய்க்கு வாய்ப்பு கூடும். மேல ஏறும்போது 5, 6 மீட்டர்ல கயித்தைப் பிடிச்சிட்டு நின்னு காத்திருக்கற அந்த நிமிஷங்கதான் உண்மையிலேயே கஷ்டமானது, கீழ கப்பலைப் பாத்துக்கிட்டு இருக்கும்போது குளிரே தெரியாது.

காலையில ஸ்ட்ரோம்னஸ்ல இருந்து படகு கிளம்பும், நிறைய படகுங்க பழைய மீன்பிடி ட்ராலர்களை மாத்தி அமைச்சதுதான். கப்பல் கிடக்கற இடத்துல மிதவை போட்ட கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டு பச்சைத் தண்ணிக்குள்ள இறங்குவோம், முதல்ல ஒண்ணுமே தெரியாது, 5 மீட்டர்ல இருந்து 15 மீட்டர் வரைக்கும்தான் கண்ணுக்குத் தெரியும், அதுவும் அன்னைக்குத் தண்ணியில மிதக்கற பிளாங்டன்ங்கற நுண்ணுயிர்களைப் பொறுத்து. அப்புறம் திடீர்னு ஒரு சுவர். அது சுவர் இல்ல கப்பல். கோல்ன் க்ரூஸரை முதல்ல பாக்கறவங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க, 155 மீட்டர் நீளம், வலது பக்கமா சாஞ்சு படுத்திருக்கு, 36 மீட்டர் ஆழம். மேல்தளம் செங்குத்தா நிக்கும், அதுல ஒட்டிக்கிட்டு நீந்திப் போகலாம், கவசக் கோபுரம், லைஃப்போட் தொங்கவிடற வளைவுக் கம்பி, பின்பக்கம் பீரங்கி, எல்லாத்து மேலயும் வெள்ளையும் ஆரஞ்சுமா மென்பவளமும் பூ மாதிரி இருக்கற கடல் அனிமோனும் அப்பிக்கிட்டு இருக்கும். என்னைக் கேட்டா இருக்கற ஏழுலயும் கோல்ன்தான் பாக்க வேண்டிய கப்பல், போர்க்கப்பலோட உருவம் இன்னும் கலையாம இருக்கறது அதுலதான்.

பெரிய கப்பல் மூணு இருக்கு, கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்ராஃப். மூணுமே 1916ல பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதின ஜட்லண்ட் சண்டையில முன்னாடி நின்ன கப்பல்ங்க, ஒவ்வொண்ணும் 175 மீட்டர் நீளம், 12 அங்குல பீரங்கி பத்து. மேல்பக்கம் பீரங்கியும் கவசமும் அவ்வளவு கனம், அதனால மூழ்கும்போதே கவிழ்ந்து தலைகீழாத்தான் கிடக்குது. மார்க்ராஃப்போட அடிக்குப் போனா 45 மீட்டர் ஆகும், அதுக்கு நல்ல அனுபவம் வேணும், டீகம்ப்ரெஷன் கணக்கெல்லாம் முன்னாடியே போட்டு வச்சுக்கிட்டுத்தான் போகணும். க்ரோன்பிரின்ஸ்ல ஓரத்துல குனிஞ்சு டார்ச் அடிச்சா கவிழ்ந்த கப்பலுக்கும் மண்ணுக்கும் நடுவுல பெரிய பீரங்கிக் குழல் தெரியும், ஜட்லண்ட்ல சுட்ட அதே குழல். கோனிக்கைப் பாத்தா வயிறு கிழிஞ்சு கிடக்கும், வயசானதால வந்த கிழிசல் மட்டும் இல்ல அது, அங்கதான் நீங்க சொன்ன புதையல் கதை வருது.

புதையல் தேடினவங்க இல்லாம இல்ல, அவங்க வேலையை எப்பவோ முடிச்சிட்டுப் போயிட்டாங்க. 1924ல எர்னஸ்ட் காக்ஸ்னு ஒரு பழைய இரும்பு வியாபாரி கப்பல்களைத் தூக்க ஆரம்பிச்சாரு, அதுக்கு முன்னாடி அவர் மூழ்கின கப்பல் ஒண்ணைக் கூடத் தூக்கினது இல்ல, ஓட்டையெல்லாம் அடைச்சு உள்ள காத்தை அடிச்சு அவ்வளவு பெரிய கப்பல்களைத் தலைகீழாவே மிதக்க விட்டு ஸ்காட்லாந்துலயே இருக்கற ரோசைத் துறைமுகம் வரைக்கும் இழுத்துட்டுப் போனாரு. அந்த மனுஷனோட துணிச்சல் மேல எனக்கு மரியாதை உண்டு. இத்தனைக்கும் அவருக்கு அதுல நஷ்டம்தான். அவருக்கு அப்புறம் வந்தவங்க கதை வேற. ரெண்டாம் உலகப் போருக்குப் பின்னாடி, தூக்க முடியாம மிஞ்சின கப்பல்களுக்கு வெடி வச்சாங்க, எஞ்சின் அறையைப் பொளந்து பித்தளை, செம்பு, வெண்கலம் எதுவெல்லாம் காசாகுமோ அதையெல்லாம் எடுத்தாங்க. அணுகுண்டு வெடிச்சதுக்கு அப்புறம் செஞ்ச எஃகுல காத்துல இருந்த கதிரியக்கம் கொஞ்சம் கலந்துடும், 1945க்கு முன்னாடி செஞ்சது சுத்தமா இருக்கும், கதிரியக்கம் அளக்கற நுட்பமான கருவிகளுக்கு அது வேணும்னு இந்தக் கப்பல்களோட கவசத்துல இருந்தும் வெட்டி எடுத்தாங்க. அப்புறம் 1970கள்ல சாதாரண டைவர்ங்க வர ஆரம்பிச்சப்போ ஆளாளுக்கு ஞாபகார்த்தம்னு விளக்கு, குழாய், பீங்கான் தட்டு எல்லாம் கொண்டு போனாங்க.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கறது கார்ல்ஸ்ரூ. அது ரெண்டாவது எம்டனோட கூடப் பிறந்த கப்பல், ஒரே வரைபடத்துல கட்டினது. எம்டன்னா எப்படி இருந்திருக்கும்னு கடலுக்கு அடியில போயிப் பாக்கணும்னு ஆசைப்படற ஒரு சென்னைக்காரருக்கு அதுதான் வழி, அதுவும் 26 மீட்டர்தான், க்ரூஸர்கள்ல ஆழம் கம்மி. ஆழம் கம்மிங்கறதாலயே வெடி வச்சவங்களுக்கும் வசதியாப் போச்சு, நாலு க்ரூஸர்ல அதிகமா சிதைஞ்சு கிடக்கறது அதுதான். முன்பக்கம் இன்னும் உருவம் தெரியும், பீரங்கி கிடக்கு, நடுவுல போனா எது எதோட சேர்ந்ததுன்னே சொல்ல முடியாத இரும்புக் குவியல். பாதுகாப்புச் சட்டம் முப்பது வருஷம் முன்னாடி வந்திருந்தா இன்னைக்கு அதுவும் கோல்ன் மாதிரியே இருந்திருக்கும்.

இன்னொரு தகவல், உங்க வாசகர்களுக்கு இது புதுசா இருக்கும்னு நினைக்கறேன். 2019ல இந்த ஏழுல நாலு கப்பலை ஈபேல வித்தாங்க, ஆமா ஆன்லைன்லதான், அந்த நாலும் தனியார் ஒருத்தர் பேர்ல இருந்துச்சு. மூணு பெரிய கப்பலையும் ஒண்ணு 25,500 பவுண்டுன்னு மத்திய கிழக்குல ஒரு கம்பெனி வாங்குச்சு, கார்ல்ஸ்ரூவை இங்கிலாந்துல ஒருத்தர் 8,500 பவுண்டுக்கு வாங்கினாரு. வாங்கினவருக்கு என்ன உரிமைன்னா, போயிப் பாக்கலாம், அவ்வளவுதான். சொந்தக்காரரே ஆனாலும் அனுமதி இல்லாம ஒரு போல்ட்டைக் கழட்ட முடியாது. நாம எல்லாரும் காசு கொடுக்காமலே அதைப் பாத்துட்டு வரோம். சட்டம்னா இப்படித்தான் இருக்கணும்னு எனக்குத் தோணும்.

அதே வளைகுடாவுல முங்கவே கூடாத கப்பல்களும் இருக்கு. ராயல் ஓக்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 1939 அக்டோபர் 14ம் தேதி ராத்திரி ஜெர்மன் நீர்மூழ்கி உள்ள புகுந்து டார்பிடோ போட்டதுல 835 பேர் போயிட்டாங்க, அதுல நூத்துக்கும் மேல 18 வயசு கூட ஆகாத பசங்க. இன்னொரு பிரிட்டிஷ் போர்க்கப்பல் வேன்கார்ட், 1917 ஜூலையில துறைமுகத்துல நின்னுக்கிட்டு இருக்கும்போதே உள்ள வெடிமருந்து வெடிச்சு 800 பேருக்கு மேல செத்தாங்க. ரெண்டும் போர்க் கல்லறை, அனுமதி இல்லாம யாரும் இறங்க முடியாது. வருஷா வருஷம் ராயல் ஓக்ல கடற்படை டைவர்ங்க மட்டும் இறங்கி தண்ணிக்கு அடியில கொடியை மாத்திட்டு வருவாங்க. நாங்க படகுல போகும்போது அந்தப் பச்சை மிதவையைத் தாண்டித்தான் போவோம், ஆசைப்பட்டு யாரும் கேட்டது கிடையாது, கேக்கவும் கூடாது.

பாதுகாப்பு இல்லாத இடத்துல என்ன நடக்கும்ங்கறதுக்கு நம்ம பக்கத்துக் கடலே சாட்சி. ஜாவா கடல்ல 1942ல மூழ்கின டச்சு போர்க்கப்பல்களைத் தேடி 2016ல போனாங்க, டி ரைட்டரும் ஜாவாவும் கிடந்த இடத்துல மண்ணுல பதிஞ்ச தடம்தான் மிச்சம், மொத்தக் கப்பலையும் பழைய இரும்புக்குன்னு களவாடிட்டுப் போயிருக்காங்க, உள்ள இருந்த மாலுமிங்களோட எலும்போட சேத்து. மலேசியா பக்கம் மூழ்கின பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ரெண்டுலயும் இதே வேலை. புதையல்ங்கற ஒரு சொல்லைப் பேப்பர்ல படிச்சு வளர்றவங்களுக்கு அந்த வேலையும் ஒரு சாகசமாத்தான் தெரியும், அதான் எனக்குக் கோபம்.

நம்ம கரையிலயும் இது வெறும் வெளிநாட்டுக் கதை இல்ல. பூம்புகார் பக்கத்துக் கடல்ல தேசிய கடலியல் ஆய்வு நிறுவனத்துக்காரங்க ஒரு பழைய கப்பல் உடைசலைக் கண்டுபிடிச்சாங்க, 19 மீட்டர் ஆழத்துல, அதுல இருந்த ஈயக் கட்டிகள்ல 1791, 1792னு வருஷம் பொறிச்சிருக்கு. சோழமண்டலக் கரை முழுக்க எத்தனை கப்பல் வந்து போன கரை, இன்னும் எவ்வளவு கிடக்கும். அதையெல்லாம் நாளைக்கு நம்ம பசங்க டைவிங் கத்துக்கிட்டு போயிப் பாக்கத்தான் போறாங்க, பாண்டிச்சேரியிலயே இப்ப ஸ்கூபா சொல்லித் தர்றாங்க. அவங்க கீழ போகும்போது கையில என்ன நினைப்போட போவாங்கங்கறது நீங்க எழுதறதைப் பொறுத்தும் இருக்கு. நூறு வருஷத்துக்கு மேல தண்ணிக்குள்ள இருக்கற எதையும் கலாசாரச் சொத்தாப் பாத்து முடிஞ்ச வரைக்கும் இருந்த இடத்துலயே விட்டு வைக்கணும்னு யுனெஸ்கோ 2001லயே ஒரு உடன்படிக்கை கொண்டு வந்துச்சு, இந்தியா இன்னும் அதுல சேரல. புதையல் பத்தி எழுதற இடத்துல இதைப் பத்தி ஒரு தலையங்கம் எழுதுங்க, நம்ம எம்.பி.க்கள் யாராவது ஒருத்தராவது சபையில கேக்கட்டும்.

கேக்கறதுக்கு ரெண்டு விஷயம்தான். அந்தக் கடைசிப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்க, சின்னதா இருந்தாலும் போதும். அடுத்த வருஷம் எம்டன் கட்டுரை போடும்போது ரெண்டாவது எம்டனையும் கார்ல்ஸ்ரூவையும் சேத்துக்கோங்க, படம் வேணும்னா நானே எடுத்ததை அனுப்பறேன், காசு வேணாம்.

இதைப் படிச்சிட்டு யாராவது வரணும்னு நினைச்சா ஆகஸ்ட், செப்டம்பர்ல வாங்க, தண்ணி அப்பதான் கொஞ்சமாவது சூடா இருக்கும். ட்ரைசூட் பயிற்சியை வேற எங்கயாவது ஆழம் இல்லாத இடத்துல முன்னாடியே முடிச்சிட்டு வாங்க, ஸ்காபா ஃப்ளோவுல வந்து கத்துக்கலாம்னு நினைக்காதீங்க. டைவிங் தெரியாதவங்களும் வரலாம், லைனஸ்ல மியூசியம் இருக்கு, கப்பல்கள்ல இருந்து அந்தக் காலத்துல எடுத்த பீரங்கி, சாமான் எல்லாம் வச்சிருக்காங்க, கல்லறையும் கொஞ்ச தூரத்துலதான்.

இப்படிக்கு,
உங்க நீண்டநாள் வாசகர் ஒருத்தர்,
அபர்டீன், ஸ்காட்லாந்து